தாங்கக் கற்ற கையே பாடும்

பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தினால், வாவியின் அடியிலிருந்து மெல்லியதோர் ஓசை எழுவதைக் கேட்கலாம் என்பர் நம் முன்னோர். மீன்பாடும் தேன்நாட்டிலே பிறந்தோர்க்குச் செவி கொடுத்துக் கேட்டல் புதியதொரு பாடமன்று. ஆயினும், கிற்றாரைக் கையிலெடுக்கும் நம் மாணவர் பலர் அப்பாடத்தையே முதலில் மறந்துவிடுகின்றனர்.

கிற்றார் நமக்கு அந்நியமான வாத்தியமன்று. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயினும் மொழியும் ஆடலும் போய்விடவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளிலே வயலினும் கிற்றாரும் ஒலிக்கக் கபிரிஞ்ஞா ஆடுவது வழிவழி வந்த வழக்கம்.

நாற்பது வயதை நெருங்குகையில் நாமும் கிற்றார் பயிலத் தொடங்கினோம். சில மாதப் பயிற்சி தந்த துணிவிலே, பறங்கிய நண்பர் வீட்டுத் திருமணமொன்றில் வாத்தியக் குழுவினருடன் அமர்ந்தோம். வயலின் பாடிக்கொண்டிருக்க, நாமோ நமக்குத் தெரிந்த விரைவுகளையெல்லாம் அள்ளி இறைத்தோம். ஆடிய கால்கள் தடுமாறின. பின்னர் நின்றே போயின. குழுவிலிருந்த முதியவர் நம்மைக் கடியவில்லை. "ஆடுகிறவரின் காலைப் பாருங்கள், தம்பி. பிறகு உங்கள் விரலைப் பார்க்கலாம்" என்றார்.

அச்சொல்லின் முழுப்பொருள் அமெரிக்க ஜாஸ் இசையைக் கேட்டபோதே நமக்கு விளங்கிற்று. கபிரிஞ்ஞாவின் தாளம் வேறு. ஜாஸின் தாளம் வேறு. தாங்குபவரின் கடமையோ ஒன்றே. கவுண்ட் பேசியின் குழுவில் 1937இல் சேர்ந்த பிரெடி கிறீன், 1987இல் மறையும்வரை அங்கே கிற்றார் வாசித்தார். தனி வாசிப்பை அவர் நாடியதில்லை என்றே சொல்லலாம். நான்கு அட்சரத்துக்கு நான்கு தட்டு. ஆறு தந்திகளையும் அதிரவிடாது இரண்டு மூன்று சுரங்களே. அக்குழுவின் நடை அந்தக் கையிலே தங்கியிருந்தது.

நமது கருநாடக இசையிலே சுருதி அசையாது நிற்க, அதன்மேல் இராகம் உலாவுகிறது. ஜாஸிலோ நிலமே நகர்கிறது. ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் கூட்டைக் கோட் என்பர். ஒரு கோட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் அந்நகர்வைக் கேட்கப் பழகுவதே முதற்படி.

ஒரு கட்டைச் சுருதியிலே, சங்கராபரணச் சுரங்களைக் கொண்டே இதனைப் பயிலலாம். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி மூன்றாம், நான்காம் தந்திகளைப் பத்தாம் மெட்டில் அழுத்துக. ம, ச இரண்டும் ஒலிக்கும். ரி, ம, த, ச என்னும் கூட்டின் சாரம் இது. அடுத்து, நான்காம் தந்தியில் மட்டும் விரலை ஒன்பதாம் மெட்டுக்கு மாற்றுக. ச இறங்கி நி ஆகும். ப, நி, ரி, ம என்னும் கூட்டு பிறக்கும். பின்னர் மூன்றாம் தந்தியிலும் ஒன்பதாம் மெட்டை அழுத்துக. ம இறங்கி க ஆகும். ச, க, ப, நி என்னும் கூட்டை அடைந்து இல்லம் திரும்பியவராவோம். ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் நிற்க, மற்றொன்று ஒரு மெட்டு மாத்திரம் நகர்கிறது!

முதலிரு கூட்டுக்கும் நந்நான்கு அட்சரம், மூன்றாவதற்கு எட்டு. தட்டியவுடன் இடக்கை விரல்களைச் சற்றே தளர்த்துக; தந்தியை விட்டு எடுத்தலாகாது. நாதம் குறுகத் தாளம் தெளியும்.

இது கைவந்த பின்னரே தனி வாசிப்பு. நண்பரொருவர் கூட்டுகளைத் தட்ட, மற்றவர் அட்சரத்துக்கு ஒன்றாக ரி, ம, த, மேல் ச என ஏறி, இரண்டாம் கூட்டிலே நி, த, ப, ம என இறங்கி, மூன்றாம் கூட்டின் முதல் அட்சரத்தில் க-விலே நிற்கட்டும். கூட்டு மாறும் கணத்திலே நி-யும் க-வும் தவறாது வந்து சேர்வதைக் காண்பீர்கள். 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்து, மின் கிற்றாரிலே தனி வாசிப்புக்கு வழிவகுத்த சார்ளி கிறிஸ்தியனின் விரைவான சுரவரிசைகளிலும் அடியிலே கோட்டின் நகர்வு தெளிவாய்க் கேட்கும்.

சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு எனப் பெயரிட்டு ஆராய்ந்தவர் நம் பழந்தமிழர். காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழரின் சுர அமைப்பைக் கணித வழியாக விளக்கினார். அவர் வழி வந்த நம் மாணவர்க்கு இப்பயிற்சி எட்டாததன்று.

பிறிதொரு திருமணத்திலே, அம்முதியவரின் பக்கத்திலமர்ந்து இரவு முழுதும் தாளத்தை மட்டுமே தட்டினோம். ஒருவரும் நம்மைக் கவனிக்கவில்லை; ஆனால் ஒரு காலும் நிற்கவில்லை. அவர் இன்று இல்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்ப் பறங்கியரிற் பலரைக் கொண்டுபோயிற்று. கடல் கடந்து குடியேறியோரும் பலர். வாசிக்கும் கைகள் அருகிவிட்டன. கிற்றார் வாங்கித் தருமாறு கேட்கும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டா. முதல் ஆண்டு முழுதும் பிறர்க்குத் துணையாய்த் தட்டும்படி மட்டும் சொல்லுங்கள். தாங்கும் கை இல்லாத ஊரிலே ஆடும் கால் எங்ஙனம் நிலைக்கும்?