கார்டியாலஜி ஆசை இருந்தால் எந்த மெடிக்கல் காலேஜ்? சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

நீட் ரேங்க் வந்து கவுன்சலிங் தொடங்கியதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: "பொண்ணுக்கு கார்டியாலஜிதான் ஆசை. ஹார்ட்டுக்குப் பேர் போன காலேஜ் எது?"

ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒரு துறையின் பெயரைப் பார்த்து எம்.பி.பி.எஸ். கல்லூரியைத் தேர்வு செய்தால், கையில் இருக்கும் நல்ல சீட்டும் சேர்த்து வைத்த பணமும் வீணாகலாம். ஏன்?

ஸ்பெஷலிஸ்ட் ஆக எத்தனை வருஷம்?

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம். அதன்பின் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அடுத்து எம்.டி. அல்லது எம்.எஸ். 3 வருஷம். எலும்பு, தோல், ரேடியாலஜி போன்ற துறைகளுக்கு இதுவே போதும். இதய மருத்துவர் ஆக வேண்டுமென்றால், வழக்கமாகப் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, மேலும் 3 வருஷம் டி.எம். படிக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் படித்தாலும் பதினொன்றரை வருஷம் ஆகிவிடும். 18 வயதில் இருக்கும் ஆசை, வார்டில் நோயாளிகளைப் பார்த்த பிறகு மாறுவது சகஜம்.

துறையை முடிவு செய்வது எது?

நீட் பி.ஜி. தேர்வுதான். 200 கேள்விகள், 800 மதிப்பெண். எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த எல்லாப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு அதில் ஒரு மார்க்கூட கிடையாது. எய்ம்ஸ், ஜிப்மர், நிம்ஹான்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவற்றுக்கு ஐ.என்.ஐ.-செட் என்று தனி நுழைவுத் தேர்வு. எனவே "இங்கே சேர்ந்தா பி.ஜி. சீட் கன்ஃபார்ம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்போ காலேஜ் முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். ஆனால் பார்க்க வேண்டியது வேறு நான்கு விஷயங்கள்.

1. நோயாளிகள் எண்ணிக்கை: 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியுடன் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மட்டுமின்றி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, கண் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆகியவையும் இணைந்துள்ளன. எந்தத் துறை நமக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த மாதிரி சூழல் உதவும். ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவர் அங்கே செலவிடும் நேரம் ரொம்பக் குறைவு. மாறாக, பி.ஜி. மாணவர்கள் குறைவாக உள்ள கல்லூரியில், பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது போன்ற கைவேலை ஹவுஸ் சர்ஜனுக்கு அதிகம் கிடைக்க வாய்ப்புண்டு. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளை 'புதுசு' என்று ஒதுக்கும் முன் இதையும் யோசிக்கலாம்.

2. எந்த மாநிலம், எந்த நிறுவனம்: பி.ஜி. படிப்பில் இருப்பிட அடிப்படையில் இட ஒதுக்கீடு கூடாது என்று 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேநேரம், எம்.பி.பி.எஸ். படித்த நிறுவனத்தின் அடிப்படையில் ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. அதாவது, வெளிமாநிலக் கல்லூரியில் சேரும் முடிவு ஆறு வருஷம் கழித்து பி.ஜி. சீட்டையும் பாதிக்கலாம். சேரும் முன், இரு மாநிலங்களின் பி.ஜி. விளக்கக் குறிப்பேட்டையும் படித்துவிடுங்கள்.

3. அரசுப் பணி என்ற வழி: அரசு மருத்துவர்களுக்கு பி.ஜி. இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழகத்தில் இது 50 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்து, அங்கிருந்து ஸ்பெஷாலிட்டிக்குப் போகலாம். இதற்கும் எம்.பி.பி.எஸ். கல்லூரியின் பெயர் பொருட்டில்லை.

4. கடன்: இதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். விரும்பிய துறை கிடைக்க, ஹவுஸ் சர்ஜன் முடித்து ஒரு வருஷம் முழுநேரமாகப் படிக்க வேண்டி வரலாம். தலைக்கு மேல் கல்விக் கடன் இருந்தால் அந்த ஒரு வருஷம் கிடைக்காது. உடனே டியூட்டி டாக்டர் வேலைக்குப் போக வேண்டியதுதான். குறைந்த கட்டணத்தில் அரசு சீட் கிடைத்தவருக்கு, அந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது.

சீனியர்களிடம் என்ன கேட்கலாம்?

ஓ.பி.யில் கூட்டம் எப்படி, ஹவுஸ் சர்ஜன் காலத்தில் என்னென்ன செய்ய விட்டார்கள், உதவித்தொகை ஒழுங்காக வந்ததா, கட்டணம் தவிர வேறென்ன பணம் வாங்கினார்கள், பி.ஜி.க்குப் படிக்க நேரம் கிடைத்ததா. இந்த ஐந்து போதும். கல்லூரியின் விளம்பரத்தைவிட இரண்டு ஹவுஸ் சர்ஜன்களின் பதில் உதவும்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் உண்மையான விருப்ப வரிசையிலேயே கல்லூரிகளைப் போடுங்கள். ரேங்க் அடிப்படையில், பட்டியலில் மேலிருந்து பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்படும். எட்டாது என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போட்டாலும், கீழே உள்ளவை கைவிட்டுப் போகாது.