சாக மறுக்கும் செல்கள்

குளத்தில் தலைப்பிரட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வால் உண்டு. தவளை ஆனதும் வால் எங்கே போகிறது? அறுந்து விழுவதில்லை. வாலில் உள்ள செல்கள் தாமாகவே சாகின்றன. உடல் அவற்றைக் கரைத்துக் கொள்கிறது.

நம் பெருங்குடலிலும் இப்படித்தான். அதன் உள்பக்கச் செல்கள் சில நாட்களே வாழும். பழையவை சாகும். புதியவை வரும். இந்தச் சாவுக்கு 1972-இல் விஞ்ஞானிகள் 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான்!

புற்றுநோய்ச் செல் சாக மறுக்கிறது. பெருகிக்கொண்டே போகிறது. கட்டி உண்டாகிறது. மலத்தில் இரத்தம் வரலாம். மூலம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மூலமாகவும் இருக்கலாம். மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். தொடக்கத்திலேயே தெரிந்தால் கட்டியை அறுத்து எடுத்துவிடலாம்.

இந்தச் செல்லைச் சாக வைக்க வேறு வழி உண்டா?

நெய்யை நெடுநேரம் காய்ச்சினால் அதிலுள்ள கொலஸ்ட்ரால் காற்றோடு சேர்ந்து மாறுகிறது. மாறிய பொருள் ஆக்சிஸ்டெரால். ஆய்வுக்கூடத்தில் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். அவற்றில் ஆக்சிஸ்டெராலைச் சேர்த்தார்கள். செல்கள் செத்தன. எப்படி? செல்லுக்குச் சக்தி தரும் சிறு பைகள் உள்ளே இருக்கின்றன. அந்தப் பைகளிலிருந்து ஒரு புரதம் கசிந்தது. அதுதான் சாவுக்குச் சைகை. உடனே கத்தரி போன்ற வேறு புரதங்கள் விழித்தன. செல்லை உள்ளிருந்தே நறுக்கின.

அப்படியானால் காய்ச்சிய நெய் மருந்தா? இல்லவே இல்லை. ஆக்சிஸ்டெரால் இரத்தக் குழாயின் நல்ல செல்களையும் கொல்லும். அதற்கு ஆள் அடையாளம் தெரியாது.