எந்த மருந்து குற்றவாளி?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் 'அலர்ஜி' என்றாலே பலருக்குக் கைதான் ஞாபகம் வரும். டேனரியில் தோல் பதனிடும் குரோமியம் உப்பு சிலருக்குக் கையை அரித்து வெடிக்க வைத்துவிடும். இது ஆற அமர வருகிற அலர்ஜி. தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி, 2 நாள் கழித்துப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

இதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. பெயர் அனாஃபிலாக்ஸிஸ். அவனுக்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது, நிமிஷக் கணக்குதான்! ஆபரேஷன் டேபிளில் இருப்பவரின் ரத்த அழுத்தம் சட்டென்று பாதாளத்துக்குப் போகும். மூச்சுக்குழாய் இறுகும். அட்ரினலின் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடுவார்கள். அப்பாடா!

ஆனால், 'செய்தது யார்?' என்ற கேள்வி பாக்கி. மயக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, ஆன்டிபயாடிக், தோலைத் துடைத்த குளோர்ஹெக்ஸிடின், ரப்பர் கையுறை... எல்லாமே சந்தேக லிஸ்ட்டில்! 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், காரணம் பிடிபட்ட கேஸ்களில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆன்டிபயாடிக்தான் குற்றவாளி.

முதல் தடயம் ரத்தத்தில். டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவை ஓரிரு மணி நேரத்துக்குள் ஒரு தடவையும், மறுநாள் ஒரு தடவையும் பார்ப்பார்கள். முதலில் எகிறி, மறுநாள் இறங்கியிருந்தால் அலர்ஜி என்ற சந்தேகம் வலுக்கும். பிறகு 4 முதல் 6 வாரம் பொறுமை! அவசரப்பட்டால் சோதனை பொய் சொல்லிவிடலாம். அதன்பின் சந்தேக மருந்துகளை நீர்த்து, ஒவ்வொன்றாகத் தோலில் குத்தி, 15-20 நிமிஷம் பார்ப்பார்கள். தடித்துச் சிவந்தால் ஆள் மாட்டினான்! தடிக்காவிட்டால், மருத்துவமனைக் கண்காணிப்பில் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. வீட்டில் வேண்டாம் சாமி!

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 'எனக்கு ஊசியே ஒத்துக்காது சார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இரண்டு ஆபத்து. நிஜக் குற்றவாளி அடுத்த ஆபரேஷனில் மறுபடி உள்ளே வரலாம். நிரபராதியான நல்ல மருந்து ஆயுளுக்கும் கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவில் பத்தில் ஒருவர் 'பெனிசிலின் அலர்ஜி' என்கிறார். சோதித்தால், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒன்றுமே இல்லை!

ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்ற குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வேலூர் சி.எம்.சி.யோ, 2022-ல் திறந்த அதன் ராணிப்பேட்டை வளாகமோ, தெருமுனை நர்ஸிங் ஹோமோ... எங்கே போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

பர்ஸில் சாமி படம், ஏ.டி.எம். கார்டு, போன மாத பஸ் டிக்கெட் எல்லாம் இருக்கிறது. மருந்தின் பெயர் எழுதிய ஒரு சீட்டுக்கா இடமில்லை?