அழியாத எழுத்து எது?

'அவிநாசி' என்னும் சொல்லுக்கு 'அழிவில்லாதது' என்பது பொருள். அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த ஒரு கணக்கை நான் அழியவிட்டேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நடந்தது அதுதான். எப்படி அழிந்தது, எவ்வளவு மீண்டது என்பதைச் சொல்கிறேன். உங்கள் உழைப்புக்கு அந்தக் கதி நேராமல் காத்துக்கொள்ளலாம் அல்லவா?

2006ஆம் ஆண்டு. கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. பன்னிரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சேவூர், கருவலூர், தெக்கலூர், பழங்கரை ஆகிய ஊர்களில் 40 கிணறுகளைத் தேர்ந்தெடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவோம். தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளப்போம். இரண்டு ஆண்டுகளில் 960 அளவுகள் சேர்ந்தன. அவற்றையெல்லாம் அன்று கடையில் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்து, ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு குறுந்தகடுகளில் பதித்து வைத்தேன். 'கணிப்பொறியில் ஏறிவிட்டது, இனிக் கவலை இல்லை' என்று நினைத்தேன். நோட்டுகளைப் பரணில் போட்டேன். அவற்றைக் கறையான் தின்றது.

2024 ஆகஸ்ட் 17இல் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. குளத்தில் நீர் நின்றால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் எவ்வளவு ஏறும்? நல்ல கேள்வி. ஆனால் இன்றைய அளவை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். ஓடிப்போய்க் குறுந்தகடுகளை எடுத்தேன்.

ஒன்று திறக்கவே இல்லை. மற்றொன்று திறந்தது. எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் ஊர்ப் பெயரும் கிணற்றின் பெயரும் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கோணல் குறிகள்! எந்தக் கிணறு என்று தெரியாத எண்ணால் என்ன பயன்?

நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் மனிதர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பெயர்களை இன்று படிக்க முடிகிறது. பதினெட்டே ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதைப் படிக்க முடியவில்லை. ஏன்?

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது

கணிப்பொறிக்கு 'அ' தெரியாது, 'ஆ' தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இருக்க வேண்டும். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் அது எழுத்தைத் திரையில் வரைகிறது.

அக்காலத் தமிழ் எழுத்துருக்களுக்கு ஒரு பைட்டு, அதாவது 256 இடங்கள் மட்டுமே உண்டு. ஆங்கில எழுத்துகளும் மேலை நாட்டுக் குறிகளும் அமர்ந்திருந்த இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பொருத்தினார்கள். எடுத்துக்காட்டாக, 'திஸ்கி' என்ற ஏற்பாட்டில் 'அ'வின் எண் 171. மேலை நாட்டு அட்டவணையில் அதே 171க்கு « என்னும் மேற்கோள் குறி. எழுத்துரு கணிப்பொறியில் இருக்கும் வரை 'அ' தெரியும். அது இல்லாவிட்டால் « தான் தெரியும். என் எழுத்துருவின் அட்டவணையோ எங்கும் வெளியிடப்படவில்லை. எண்கள் மட்டும் தப்பியதன் காரணம் இப்போது விளங்குகிறதா? 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களின் இடத்தில் எழுத்துரு செய்தவர்கள் கை வைக்கவில்லை.

இன்று உலகம் முழுவதற்கும் பொதுவான அட்டவணை ஒன்று உண்டு. அதுவே யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'அ'வின் எண் 2949. ஒரு பைட்டில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது அல்லவா? ஆகவே கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யு.டி.எஃப்-8 என்னும் முறைப்படி 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாக அதை எழுதுகிறோம். இந்த அட்டவணை எவருடைய தனிச் சொத்தும் அன்று. யாரும் பார்க்கலாம், அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பொது அட்டவணைப்படி, வண்ணம், அளவு, அலங்காரம் எதுவுமின்றி எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கொண்ட கோப்பே 'வெற்று உரை' எனப்படும்.

தப்பிப் பிழைத்த நூல்கள்

நான் தோற்ற அதே சோதனையில் வென்றவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆராய்ச்சியாளராக இருந்த வேதியியலார் கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் எதிர்பாராமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். அந்நூல்களும் திஸ்கி போன்ற பழைய ஏற்பாடுகளில்தான் இருந்தன. ஆனால் திஸ்கியின் அட்டவணை ஊரறிய வெளியிடப்பட்டது. எனவே யூனிகோடு பரவியபோது, ஓர் எண்ணை எடுத்துவிட்டு அதற்குரிய மற்றோர் எண்ணை வைக்கும் வேலையைக் கணிப்பொறியே செய்தது. நூல்கள் பிழைத்தன. இன்றும் அவற்றை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இயற்பியலிலும் இப்படி ஒரு கதை உண்டு. டொனால்டு நூத் என்னும் அறிஞர் 1978இல் 'டெக்' என்ற முறையை வெளியிட்டார். எவ்வளவு சிக்கலான சமன்பாட்டையும் வெற்று உரையாகவே எழுத அது வழி செய்தது. பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்னும் ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம், டெக் முறையில் வரும் கட்டுரைகளின் மூல உரையையும் சேமித்து வைக்கிறது. படிக்கத் தக்க பக்கங்களை அந்த மூலத்திலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

தாள்களைக் கோக்கும் நூல்

உரை அழியாவிட்டால் மட்டும் போதுமா? தேடும்போது கிடைக்க வேண்டாமா? எங்களிடம் 40 கிணறுகள். ஒரு கிணற்றுக்கு ஒரு பக்கம் என்றால் 40 பக்கங்கள். அவற்றோடு ஊர்ப் பக்கம், குளத்தின் பக்கம், மழைக் கணக்கு. இவற்றை ஒன்றோடொன்று கோப்பதற்கு ஏற்ற கருவிதான் விக்கி.

அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம் 1995இல் முதல் விக்கியை அமைத்தார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் 'விக்கி விக்கி' என்ற பேருந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. எந்தப் பக்கத்தையும் படிப்பவரே உடனுக்குடன் திருத்தலாம் என்பதே இதன் சிறப்பு. நீங்கள் அறிந்த தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. இலங்கைக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்கத்தில் அதைத் தளராமல் வளர்த்தவர்.

அவ்வளவு பெரிய தளத்துக்குப் பெரிய தரவுத்தளம் தேவை. ஆனால் ஓர் ஆய்வுக் குழுவுக்கோ வகுப்புக்கோ அது தேவையில்லை. ஜெர்மானியரான ஆண்டிரியாஸ் கோர் 2004இல் வெளியிட்ட 'டோக்குவிக்கி' போன்ற எளிய கருவிகள் உள்ளன. இவை ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வெற்று உரைக் கோப்பாகவே வைத்துக்கொள்கின்றன. வேலை செய்யும் முறை இதுதான். நீங்கள் உரையை எழுதி, [[மேட்டுத்தோட்டம்]] என்று இரட்டை அடைப்புக்குள் ஒரு பெயரை இடுகிறீர்கள். கருவி அதைப் படித்து, அந்தப் பெயரைத் தொட்டால் அப்பக்கம் திறக்கும்படி வலைப்பக்கமாக மாற்றிக் காட்டுகிறது. பழைய வடிவங்களையும் அது எறிவதில்லை. யார், எந்நாளில், எதைத் திருத்தினார் என்ற வரலாறு இருக்கும். அளவைத் தவறாகத் திருத்திவிட்டால் பழையதை மீட்கலாம். முக்கியமான செய்தி இன்னொன்று: நாளை அந்தக் கருவியே மறைந்து போனாலும் உரைக் கோப்புகள் அப்படியே இருக்கும்!

இடம் எவ்வளவு வேண்டும்? '2024 செப்டம்பர் 5: 47 அடி' என்ற வரிக்கு 51 பைட்டுகள். இப்படி 960 வரிகளுக்கு ஏறத்தாழ 50,000 பைட்டுகள். கைப்பேசியில் எடுக்கும் 30 லட்சம் பைட்டுப் படம் ஒன்றின் இடத்தில் இப்படி அறுபது கணக்குகளை அடக்கலாம்.

கோணல் வரியின் மறைபொருள்

என் குறுந்தகடு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? என் மாணவி ஒருத்தி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லாப் பக்கத்துக்கும் மேலே ஒரே கோணல் வரி வருகிறதே, அது என்ன?" என்று கேட்டாள். நினைவு வந்தது. 'அவிநாசி வட்டம், கிணற்று நீர் அளவு' என்று நான் இட்ட தலைப்பு அது! அதைக் கொண்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போடத் தொடங்கினோம். சேவூர், கருவலூர் என்ற ஊர்ப் பெயர்களை ஊகித்து மேலும் எழுத்துகளைப் பிடித்தோம். சாஞ்சியின் கல்வெட்டுகளில் அடிக்கடி வந்த ஒரு சொல்லை 'தானம்' என்று ஊகித்துத்தான் ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படிக்க வழி கண்டார். அதே வழிதான் இதுவும்.

ஓர் ஆண்டுக் கணக்கு மீண்டது. திறக்காத குறுந்தகட்டில் இருந்த மற்றோர் ஆண்டு போனது போனதுதான். அந்த ஆண்டு மழை எப்படியிருந்தது என்று ஏட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கிணறுகளில் நீர் எங்கே நின்றது என்பதை மட்டும் இனி எவராலும் அளக்க முடியாது. வெற்று உரையும்கூட, வைத்திருக்கும் தட்டு கெட்டால் கெடும். ஆகவே மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறியில் நோட்பேடைத் திறந்து 'அவிநாசி' என்று மட்டும் தட்டச்சு செய்யுங்கள். யு.டி.எஃப்-8 முறையில் சேமித்துக் கோப்பின் அளவைப் பாருங்கள். 21 பைட்டுகள் என்று காட்டும். நான்கு எழுத்துதானே, 12 அல்லவா வர வேண்டும்? அ, வ, ி, ந, ா, ச, ி என்று எண்ணிப் பாருங்கள். ஏழு குறிகள், குறிக்கு மூன்று பைட்டு. சில கணிப்பொறிகளில் 24 வரும். கோப்பின் தொடக்கத்தில் அடையாளமாக மூன்று பைட்டுகளை அவை சேர்ப்பதே காரணம்.

பிறகு, உங்கள் ஊர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அளந்து, ஒரு வரி எழுதி வையுங்கள். கிணற்றின் பெயரையும் நாளையும் மறக்காதீர்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு மாணவன் அதைத் திறந்து பார்ப்பான். அவனுக்கு எழுத்து தெரிய வேண்டும்!