வானம் காட்டும் தூரமும் வழி காட்டும் தூரமும்

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், அதற்கு ஒரே விடைதான் உண்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புவியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், விடைகள் இரண்டு என்பேன். ஒன்று வான்வழித் தூரம். மற்றொன்று சாலைவழித் தூரம். இதனை விளக்க, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் இரு நகரங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று தலைநகர் டக்கார். மற்றொன்று தெற்கே காசமான்ஸ் ஆற்றங்கரையில் உள்ள சிகின்ஷோர்.

முதலில் வான்வழியைக் கணக்கிடுவோம். இவ்விரு நகரங்களின் அட்சரேகை வேறுபாடு சுமார் 2.1 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் இது 233 கிலோமீட்டர் ஆகிறது. தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 1.2 பாகை. அப்பகுதியில் தீர்க்கரேகைப் பாகை ஒன்றுக்கு 108 கிலோமீட்டர் என்பதால் இது 130 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டால், வான்வழித் தூரம் 265க்கும் 270க்கும் இடையே வருகிறது. குறைந்த தூரங்களுக்கு இம்முறையே போதுமானது.

சாலைவழியிலோ சுமார் 450 கிலோமீட்டர்! காரணம் என்ன? செனகலின் நடுவே காம்பியா ஆறு ஓடுகிறது. அதன் இரு கரைகளையும் ஒட்டி, 50 கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத காம்பியா என்னும் தனி நாடு நீண்டு கிடக்கிறது. 1889ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையில் உருவான எல்லை அது. அந்நாட்டைத் தவிர்த்துக் கிழக்கே தம்பகூண்டா வழியாகச் சுற்றினால் 800 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். குறுக்கே சென்றாலோ எல்லைச் சோதனை இருமுறை. போதாக்குறைக்கு, ஆற்றைக் கடக்கப் படகுத்துறையில் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில், காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

ஆகவே மக்கள் கடல்வழியை நாடினர். சிகின்ஷோரிலிருந்து டக்காருக்குச் சென்ற 'லெ ஜூலா' என்ற கப்பல் 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, காம்பியாக் கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. சுமார் 580 பேர் செல்லத்தக்க அக்கப்பலில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தனர். பிழைத்தோர் 64 பேரே. கல்வியாண்டின் தொடக்கத்தில் டக்கார் திரும்பிய மாணவர் பலரும் மாண்டோரில் அடங்குவர். அவர்களும் நம்மைப் போன்றவர்களே!

2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காம்பியா ஆற்றின் குறுக்கே செனகாம்பியா பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்த பின்னரும் சாலை அதே 450 கிலோமீட்டர்தான். ஆனால் படகுக்காகக் காத்துக் கிடந்த பொழுது மிச்சமாயிற்று.

நண்பர்களே, வரைபடத்தில் அளவுகோலை வைத்து இரு ஊர்களின் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அவ்வூர்களுக்கு இடையே ஆறு உண்டா, எல்லை உண்டா, பாலம் உண்டா என்று கேட்ட பிறகே அங்கு வாழும் மக்களின் தூரம் நமக்கு விளங்கும். அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்பதே புவியியல் என்று நான் கருதுகிறேன்.