கப்பல் திரும்பும்போது விசா மிஞ்சுமா?

பாடசாலை விடுமுறைக்கான சொகுசுக் கப்பல் பயணங்களுக்கு மீதிக் கட்டணத்தைச் செலுத்தி முடிக்கவேண்டிய நாள் நெருங்கிவரும் நிலையில், வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்துள்ள வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. இலங்கைக் கடவுச்சீட்டுடன் சென்னைக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்புபவருக்கு எத்தனை விசா வேண்டும் என்பதே அது. ஒன்று போதும் என்று முகவர்கள் சொல்வது பிழையன்று. ஆனால் எண்ணவேண்டியது விசாவை அல்ல, அந்த விசா அனுமதிக்கும் நுழைவுகளை.

சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2023 ஜூன் 5 அன்று புறப்பட்டபோது, இந்தியாவின் முதலாவது சர்வதேச சொகுசுக் கப்பல் என்று அது கொடியசைத்து அனுப்பப்பட்டது. 1914 முதல் எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டில் ரயில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான நீராவிக் கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்புக் கோட்டைவரை மக்கள் பயணித்த வரலாற்றின் முன்னே, ‘முதலாவது’ என்னும் சொல்லைச் சற்றுத் தள்ளிவைத்தே வாசிக்கவேண்டியுள்ளது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் கொட்டாஞ்சேனைவாசி இந்தக் கப்பலில் ஏறுவதற்குக் கட்டுநாயக்கவுக்குப் போகவேண்டியிருப்பதும் அந்த வரலாற்றின் ஒரு திருப்பமே.

இந்தியாவின் 30 நாள் சுற்றுலா இ-விசா இருமுறை நுழைவு விசா ஆகும். அதாவது, அதைக் கொண்டு எல்லையை உள்நோக்கி இரண்டு தடவைகள் மட்டுமே கடக்கலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் முதல் நுழைவு கழிகிறது. கப்பலேறுமுன் துறைமுகத்தில் குடியகல்வு முத்திரை இடப்படுவதால், பயணி சட்டப்படி இந்தியாவை விட்டு வெளியேறியவராகிறார். அதன்பின் அவர் காங்கேசன்துறையில் இறங்கினாலும், தன் அறையிலேயே படுத்துறங்கினாலும், மோசமான வானிலையால் கப்பல் எந்தக் கரையையும் தொடாமல் திரும்பினாலும், சென்னைத் துறைமுகத்தில் கால் வைப்பது இரண்டாவது நுழைவாகவே கணக்கிடப்படும். கணக்கு சரியாக முடிகிறது. மிச்சம் எதுவும் இல்லை. பயணத்துக்குச் சற்று முன்னர் அதே விசாவில் திருச்சிக்கோ சென்னைக்கோ ஒருமுறை போய்வந்தவர், சேலை வாங்கப் போனவராயினும், கப்பலிலிருந்து இறங்கும் உரிமையை அப்பொழுதே செலவழித்துவிட்டார். ஓராண்டு, ஐந்தாண்டு இ-விசாக்கள் பலமுறை நுழைவுக்கு இடமளிப்பதால் இச்சிக்கல் அவற்றுக்கு இல்லை.

இ-விசாவை எல்லாத் துறைமுகங்களும் ஏற்பதில்லை என்பது அடுத்த நுணுக்கம். உள்ளே வருவதற்கு அறிவிக்கப்பட்ட பட்டியலிலுள்ள துறைமுகமே உதவும். சென்னை, கொச்சி, கோவா, மங்களூரு, மும்பை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. சென்னையில் ஏறிப் பட்டியலில் இல்லாத வேறோர் இந்தியத் துறைமுகத்தில் பயணத்தை முடிக்கும் கப்பலுக்கு, நுழைவு மீதமிருந்தும் இ-விசா பயன்படாது.

இங்கேதான் பயணச்சீட்டு என்று விற்கப்படும் பொருளைக் கூர்ந்து பார்க்கவேண்டும். விளம்பரத்தில் அது ஒரு பயணப் பாதையாகக் காட்டப்படுகிறது. சட்டத்தின் பார்வையில் அது பயணிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம், அதன் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று, நிறுவனம் துறைமுகங்களை மாற்றலாம், வரிசையைக் குலைக்கலாம், ஒன்றைத் தவிர்க்கவும் செய்யலாம் என்பது. அதே ஒப்பந்தம் உரிய ஆவணங்களைக் கொண்டுவரும் பொறுப்பு முழுவதையும் பயணியின் தலையிலேயே சுமத்துகிறது. ஆகவே, நிறுவனம் உறுதியளிக்க மறுக்கும் பாதை ஒன்றுக்குப் பயணி உறுதியான விசாவுடன் வரவேண்டியிருக்கிறது. கடல் அட்டவணைக்குக் கட்டுப்படாது என்னும் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் படகுச் சேவை சில நாட்களிலேயே வானிலையால் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. எனினும், கடலின் நிச்சயமின்மைக்கு விலை கொடுப்பவர் ஏன் எப்போதும் பயணியாகவே இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விளம்பரத் தாள்களில் பதில் இல்லை.

ஆவணம் குறைந்த பயணியைக் கப்பலின் ஏணியடியிலேயே திருப்பியனுப்புவதில் நிறுவனங்கள் காட்டும் கண்டிப்பு, வெறும் ஒழுங்குணர்வால் வருவதன்று. உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிவரும் கப்பல், விமான நிறுவனங்களுக்குப் பல நாடுகள் அபராதம் விதிக்கின்றன. இந்தியா இதற்கென 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. அவ்வாறு திருப்பியனுப்பப்பட்டவருக்குப் பணம் மீளாது என்பதும் பெரும்பாலான சீட்டுகளின் சிறிய எழுத்துகளில் இருக்கும்.

ஏனைய கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்களே போதும். கடவுச்சீட்டின் 6 மாதச் செல்லுபடியை, கப்பல் திரும்பும் நாளிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பானது. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் தேவை. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையுடன் செல்வதாயின், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. பயணத்தின்போது 24 வாரத்தைத் தொடும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கடவுச்சீட்டைக் கப்பல் அலுவலர்கள் வாங்கிவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதன் பிரதியொன்றைப் பையில் வைத்திருக்கவேண்டும். திருகோணமலையில் இறங்கி அப்படியே வீட்டுக்குப் போய்விட முடியுமா என்று கேட்டவருக்கு: சொந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவையில்லை, ஆனால் கப்பலின் பயணிகள் பட்டியலில் அவர் சென்னைக்குத் திரும்பவேண்டியவர் என்பதால், நிறுவனத்தினதும் குடிவரவு அதிகாரிகளினதும் முன்னனுமதி இன்றி அது நடவாது.