எரிப்பதற்கென்றே ஒரு வேலைப்பாடு
(தாள் உலகம் - 9)

போன வாரம் பட்டம் கட்டினோம். அதே மூங்கில், அதே பசை. இந்த வாரம் பேய்களுக்கு ராஜாவையே கட்டப்போகிறோம்.

அதற்குக் குவீன்ஸ்டவுனுக்கு வரவேண்டும். சிங்கப்பூரின் முதல் துணைநகரம் இது. எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953-ல் வைத்த பெயர். அதற்கு முன் இங்கே போ பே காங் என்ற கிராமம் இருந்தது. மேடுகளில் சீனர் இடுகாடுகள். ஹக்கா சமூகத்தார் 1887-ல் வாங்கிய இடுகாட்டு நிலத்தின் மிச்சம், ஹாலந்து குளோஸ் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஒரே அளவுக் கற்கள், வரிசை வரிசையாக. மேல்மாடியில் துணி காயப்போடுகிறவருக்குக் கீழே தெரிவது அதுதான்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கீழுலக வாசல் திறந்து ஆவிகள் மேலே வரும் என்பது நம்பிக்கை. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், செத்துப்போன தன் தாய் பசித்த ஆவியாய் அலைவதைக் கண்டார். சோறு கொடுத்தார், வாயருகே போனதும் அது நெருப்பானது. புத்தர் சொன்னபடி துறவிகளுக்கு அன்னமிட்ட பிறகே தாய் கரையேறினாள். அந்தக் கதை இந்த மாதத்துக்கு ஒரு வேர். நமக்கும் இது அந்நியமில்லை. 2024-ல் ஏழாம் மாதம் பிறந்தது ஆகஸ்ட் 4-ந் தேதி. நம் ஆடி அமாவாசையும் அன்றுதான்.

ஆவிகளுக்குச் சோறு மட்டும் போதாது. தாளில் வீடு, கார், சட்டை, கைப்பேசி, கட்டுக்கட்டாய்க் கீழுலகப் பணம் எல்லாம் போகும். நகரமன்றங்கள் வைத்திருக்கும் இரும்புத் தொட்டிகளில் இவை எரிவதை பல அடுக்குமாடி புளோக்குகளின் கீழே பார்க்கலாம். பெரிய பந்தல்களில் இத்தனைக்கும் காவலாக நிற்பவர்தான் அந்தப் பேய் ராஜா, தா ஷி யே. வலுத்த ஆவி இளைத்த ஆவியின் பங்கைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முகம் பார்த்தால் குழந்தை அழும். தலைமேலோ, கருணையே உருவான குவான் யின் சின்னதாக உட்கார்ந்திருப்பாள். அவளே எடுத்த கோலம்தான் இது என்கிறார்கள். பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் இவரை இரண்டு மாடி உயரத்துக்குக் கட்டுகிறார்கள்.

குவீன்ஸ்டவுன் பந்தல் ஒன்றில், மழையில் முழங்கை பிய்ந்துபோன பொம்மை ஒன்றை ஒரு முதியவர் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் குந்திக்கொண்டேன். மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சாகச் சீவினார். இரண்டு பிளாச்சு குறுக்கே சேருமிடத்தில் மெல்லிய தாள்துண்டைப் பசையில் தோய்த்துச் சுற்றி, விரலால் ஒரு முறுக்கு முறுக்கினார். ஆணி இல்லை, கயிறு இல்லை. காய்ந்தால் முடிச்சு கல் மாதிரி. அதன்மேல் வெள்ளைத்தாள், அதற்கும் மேல் வண்ணத்தாள், கடைசியாகப் பொன்தாள் ஓரம்.

"கம்பி போட்டால் சீக்கிரம் முடியுமே, அங்கிள்?" என்றேன்.

"கம்பி எரியாதே. அப்புறம் அது எப்படி அங்கே போய்ச் சேரும்?" என்றார்.

நமக்குப் பழக்கமான கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். நாம் செய்யும் எதையும் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு மதிப்பிடுகிறோம். இவர் பொருளுக்கு இரண்டே சோதனை: கொளுத்தும் நாள்வரை காற்றில் சாயக்கூடாது, தீ வைத்த பிறகு மிச்சம் இருக்கக்கூடாது. அதற்காக முதுகுப்பக்கத்து ஓரத்தைக்கூட அவர் கோணலாக ஒட்டவில்லை. எரியத்தானே போகிறது என்ற பேச்சே அங்கே இல்லை.

நம் ஊரிலும் பாடைக்கு மூங்கில் வளைத்துப் பூவும் தாளும் கட்டுகிறவர்கள் உண்டு. கார்த்திகைக்குச் சொக்கப்பனை நாட்டுகிறவர்கள் உண்டு. ஒருநாள் வேலைதானே என்று அவர்கள் கூலியைப் பேரம் பேசிக் குறைத்திருக்கிறோம். அது நம் கணக்குப் பிழை.

ஏழாம் மாதத்தில் இந்தப் பக்கம் வந்தால் மூன்று விஷயம். கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைமுன் முதல் வரிசை காலியாக இருந்தால் உட்காராதீர்கள். அது வேறு விருந்தினருக்கு. நடைபாதைச் சாம்பலை மிதிக்காதீர்கள். பந்தலில் பெரிய பொம்மை நின்றால், கொளுத்துவதற்கு முன் ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள். அந்த முடிச்சுகள் அங்கேதான் தெரியும்.

(தொடரும்)